துரை வீட்டுச் சிவப்புக் காடு

கட்டுக்கதை என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். அந்த நாற்றத்தை முகர்ந்தவன் நான். இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் குமட்டுகிறது.

1952. ராயபுரத்தில் எனக்குப் பழைய சாமான் கடை. எண்ணூரில் ஒரு துரை வீட்டில் வேலை செய்த முத்தம்மா, துரை செத்த பிறகு ஒரு படம் கொண்டுவந்தாள். "இத்த எப்டினாச்சும் வித்துக் குடு நைனா." அமெரிக்காவில் போன நூற்றாண்டில் வரைந்தது. இலையுதிர் காலத்துக் காடு, நடுவில் ஓடை, மரமெல்லாம் சிவப்பு இலை. தண்ணீரில் கரைத்த வர்ணம். கப்பல் என்ஜினியர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஆயுத பூசை. கடைச் சாமான் அத்தனையும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். துடைத்தவன் என் மச்சினன் மாசானம். என் பெண்டாட்டி இசக்கியம்மாளுக்கு ஒரே தம்பி. தையில் அவனுக்குக் கல்யாணம்.

திரும்பிப் பார்த்தால்... சட்டத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தையே துடைக்கிறான்.

"எல, என்னல பண்ணுத? வர்ணம் போயிரும்லா."

"போவல அத்தான். ஒட்டுது."

ஒட்டத்தான் செய்தது. கொழகொழவென்று, சளி மாதிரி. காசிமேட்டு வெயிலில் அழுகிக் கிடந்த மீன்குடல் நாற்றம். சாமி படத்துக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தேன். என்ஜினியர் வாசல்வரை வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

சோப்பு, புளி, மண்ணெண்ணெய்... அவன் உள்ளங்கையில் ஒட்டிய சிவப்பு எதற்கும் போகவில்லை.

விடிந்தது.

சரக்... சரக்...

மாசானம் பாயில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தான். தோல் உரிந்து விழுந்தது. துண்டு துண்டாக. நரம்போடு, காம்போடு... அசல் இலை.

"வலிக்காலே?"

"இல்ல அத்தான். அதான் பயமா இருக்கு."

கடைக்கு ஓடினேன். படத்தில் அவன் துடைத்த இடத்தில் புது இலைகள். ஈரமாக.

படத்தைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு எர்ணாவூரில் முத்தம்மா குடிசைக்குப் போனேன். அவள் அதைத் தொடவில்லை.

"தொட்டுட்டியா நைனா?"

"மச்சினன் தொட்டான். ஒங்க தொரை எப்படிச் செத்தாரு?"

"காச்சல்னு எய்திக்கினாங்க. குளிப்பாட்டுனது நானு. ஒடம்புல தோலே இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்கிக்கினு இருப்பியா?"

த்தூ. அவள் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது.

படத்தை அவள் வாசலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாசானத்துக்குத் தோல் உரிவது முழங்கையைத் தாண்டியிருந்தது.

தீபாவளிவரைகூட அவன் தாங்கவில்லை.

அதுவரை தினமும் காலையில் இசக்கியம்மாள் தம்பியை முறத்தில் அள்ளினாள்.