அடிக்காத மணி

கடத்தூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். எனக்குப் போன் கிடையாது. பக்கத்து உரக்கடை முருகேசன் அண்ணனின் எண்ணைத்தான் 'பி.பி.' என்று குழாய் ஒலிபெருக்கிகளில் எழுதி வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார்.

போன வைகாசியில் பத்து நாட்களாக ஓர் அழைப்பும் இல்லை. அதுவும் முகூர்த்த மாதம். அண்ணனின் மச்சான் அப்போதுதான் புது மைக் செட் வாங்கியிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

சோதித்துப் பார்க்க, தபால் ஆபீசிலிருந்து அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தால், அண்ணன் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இப்பத்தானுங்க அடிச்சேன், ஏன் எடுக்கல? எனக்கு வர்றதயெல்லாம் மச்சானுக்குத் திருப்பி உடறீங்களா?"

"மணியே அடிக்கலயேப்பா! எனக்கு எப்பவாச்சுந்தான் போன் வரும். நீதான் வேற நம்பர் குடுத்துட்டியோன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

போன் நன்றாக இருப்பதைக் காட்ட, அவர் ரிசீவரை எடுத்தார். உள்ளே ஒருவர் கத்தினார்: "பொம்மிடியிலிருந்து எத்தன நாளா அடிக்கிறதுங்க? நாளைக்குக் கல்யாணம். மைக் செட்டு வருமா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

போனுக்குள் மணி மட்டும் கெட்டுப்போயிருந்தது.

"ஊருக்கே கேக்கற மாதிரி மைக்கு கட்டற. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாய் வரலியா?" என்றார் அண்ணன்.

மணியைச் சரிசெய்தாகிவிட்டது. இப்போது திங்கட்கிழமைதோறும் தபால் ஆபீசிலிருந்து நானே ஒருமுறை அடித்துப் பார்க்கிறேன். அண்ணன் உடனே எடுத்து, "மச்சானுக்குத் திருப்பி உடட்டுமா?" என்கிறார்.