இடப்பக்கம் இழுத்த காடி

லூனாஸில் ஒரு டயர் கடையில் எனக்கு வேலை. "அண்ணே, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது" என்று வருகிற கார்களை, எங்கள் ஊர்ப் பேச்சில் காடிகளை, மேலே ஏற்றி, அலைன்மெண்ட் பார்த்து, சக்கரங்களை நேராக்கி அனுப்புவேன். போன வருடம் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவின் காடிப் போட்டியில், சரிவுப் பலகையில் விட்ட என் மகளின் மரக்காடி பாதி வழியிலேயே திரும்பி நின்றுவிட்டது. "உங்கப்பா டயர் கடைலதானே வேல செய்றாரு?" என்று கூடப் படிக்கிற ஒருத்தி கேட்டாளாம். அன்று மகள் சாப்பிடவே இல்லை.

இந்த வருடம் அவளுக்குப் பரிசெல்லாம் வேண்டாம், காடி கீழே போய்ச் சேர்ந்தால் போதும். எனக்கு அது போதவில்லை. உள்ளங்கை நீள மரத்துண்டு, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. கடையிலுள்ள இயந்திரம் இதற்கு உதவாது. சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் உருட்டிவிடுவேன், வலப்பக்கம் போகும். குறட்டால் முன் ஆணியை மயிரிழை திருப்புவேன், இடப்பக்கம் போகும். மேசை எப்போது காலியாகும் என்று மனைவி சோற்றுச் சட்டியோடு நின்றாள். ஒருவழியாகக் கோடு போட்டது போல் நேராக ஓடியது. முதலாளி காடிக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

போட்டியன்று காலையில் பார்த்தால், காடி சாமி மேடைக்கு முன்னால் நிற்கிறது. முகப்பில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். சின்னக் காடி என்பதால் சின்னப் பழமாகப் பார்த்து வாங்கியிருந்தாள் மனைவி. அந்தக் கரிசனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"புது வண்டிலா! மோட்டார் சைக்கிளுக்குப் போட்டோம், நம்ம காடிக்குப் போட்டோம். போன வருஷம் இவ காடிக்குப் போடல, என்னாச்சு பாத்தீங்கல்ல?"

நிஜக் காடி என்றால் ஏறியதும் பழம் தானாக நசுங்கும். இதுவோ பழத்தின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. நசுங்காத பழத்தால் திருஷ்டி கழியாதே! அவள் இரண்டு கையையும் வைத்து, மாவு பிசைகிற பலத்தோடு அழுத்தினாள். சாறு தெறித்தது. முன் ஆணி வளைந்தது. நான் "ஐயோ" என்றேன்.

"பாருங்க, எவ்ளோ கண்ணு பட்டிருக்கு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளையும் காடியையும் சேர்த்துத் தெருவில் உருட்டியிருப்பேன். குறட்டைத் தேடுவதற்குள் மகள் காடியைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டாரில் ஏறிவிட்டாள். "லேட்டாச்சுப்பா!" என்று கத்தினாள். குறடு இல்லாமலே மோட்டாரைக் கிளப்பினேன்.

சரிவுப் பலகையில் ஒவ்வொரு பாதையின் இரு ஓரத்திலும் இந்த வருடம் புதிதாக மெல்லிய சட்டம் அடித்திருந்தார்கள். நேராக ஓடப் பார்த்த காடிகள் இந்தச் சட்டத்தில் இடித்து, அந்தச் சட்டத்தில் இடித்து, தள்ளாடித் தள்ளாடி இறங்கின. எங்கள் காடி விட்டதுமே இடப்பக்கம் சாய்ந்தது. செத்தோம் என்று நினைத்தேன். அது இடது சட்டத்தைப் பிடித்து உரசிக்கொண்டே, எங்கும் அலையாமல், கடைசிவரை போய்ச் சேர்ந்தது. இரண்டாம் இடம். நான் நேராக்கி வைத்தபடியே விட்டிருந்தால் அதுவும் தள்ளாடியிருக்கும் என்று அங்கேயே புரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மகள் குதித்த குதியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் என்னைப் பார்த்திருக்கும் டீச்சர் ஒருவர் சிரித்தபடி வந்தார். "அப்பாதானே அலைன்மெண்ட் பாத்துக் குடுத்தாரு?" என்று மகளைக் கேட்டார்.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இல்ல டீச்சர், அம்மா" என்றாள்.