ஜங்ஷனில் நின்றுபோன கதாநாயகி

போன வருடம் ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது, நான் தொடர்கதை எழுதிவந்த வார இதழின் ஆசிரியர் போன் செய்தார். இந்த இதழோடு பத்திரிகையை நிறுத்துகிறோம் என்றார். என் கதாநாயகி கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு, பெட்டியும் கையுமாகத் திருச்சி ஜங்ஷனில் நின்றிருந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். இனி எல்லாம் செல்போன் செயலியில்தானாம். சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அதிர்ச்சி. இருபது வருடம் நிதானமாக எழுதியவளுக்கு அது ஒத்துவராது என்று, எழுத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாலு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

ஒரு மாதம் கழித்து, என் நாத்தனாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டி வந்தது. வழக்கமாகக் கூட்டிப் போகும் அவர் மகன் வெளியூர் போயிருந்தான். அவர் உள்ளே போய்விட்டால், நாலைந்து மணி நேரம் நாம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கே காத்திருந்த பெண்கள் வாராவாரம் ஒரே கிழமையில் வந்து வந்து, ஒரு குடும்பம் மாதிரி ஆகியிருந்தார்கள். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் காரசாரமாகப் பேச்சு நடந்தது. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே கூடாது என்றார், தொட்டியத்திலிருந்து கணவரை அழைத்து வந்திருந்த ஓர் அம்மா. திரும்பினால் என்ன தப்பு என்றார், தன் தாயோடு வந்திருந்த கே.கே. நகர் டீச்சர். உறவுக்காரப் பெண் விவகாரம் போலிருக்கிறது என்று நானும் காது கொடுத்தேன். பேரைக் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. அவள் என் கதாநாயகி.

பத்திரிகை வந்தவரை டீச்சர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம். நின்றுபோன பிறகு, வாரத்துக்கு ஒருவராக இவர்களே கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார்களாம். அவள் இப்போது தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு வீடும் பிடித்துவிட்டாளாம்.

எழுதியவளே விட்டுவிட்ட கதையை நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். நான்தான் அந்த எழுத்தாளர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"உள்ள அவருக்கு ஊசி குத்திப் படுக்க வச்சிருக்காங்க. அதையே நினைச்சுக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்ங்க" என்றார் தொட்டியத்து அம்மா. "இவளைப் பத்திப் பேசினா, கொஞ்ச நேரத்துக்கு இவ கவலை மட்டும்தான் இருக்கும்."

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே அடுத்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். நாத்தனாரின் மகன் ஊர் திரும்பியும், அடுத்த வாரம் நானே வலியப் போய்க் கூட்டிப் போனேன். கதையின் தொடர்ச்சி செல்போனில் வந்திருக்கிறது என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சந்தோஷம். தொட்டியத்து அம்மா மட்டும் யோசித்தார்.

"இது சரியா வரலைங்க. அவ இவ்வளவு சீக்கிரம் அழ மாட்டா."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பக்கத்தில் அழுதது நான்.

அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது அந்தச் செயலியில்தான் எழுதுகிறேன். அதிர்ச்சி வைக்கத் தெரியவில்லை, வாசகர்களும் குறைவுதான். ஆனாலும், இனியும் எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம், தன் கவலையைச் சற்று இறக்கிவைக்க இன்னொருத்தியின் கவலை தேவைப்படுகிற யாரோ ஒருவர் அந்த டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும், உடனே எழுத உட்கார்ந்துவிடுவேன்.