நாற்பது நாள் போடாத ஊசி

பர்கூர் கல்குவாரியில் பாறை சரிந்து இடுப்பெலும்பு நொறுங்கியதிலிருந்து என் கணவருக்கு வலியை அடக்கும் மார்பியா ஊசிதான் கதி. அப்போது எங்கள் மகள் வயிற்றில் இருந்தாள். முதலில் அரைக் குப்பி மருந்தே அவரைத் தூங்கவைத்தது. மகள் நடக்கத் தொடங்கியபோது இரண்டு குப்பி போட்டும் முனகினார்.

"வலி போகல, உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு. ஏத்தித்தான் ஆவணும்" என்றார் கிருஷ்ணகிரியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த டாக்டர். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்பதால் ஊசி போட எனக்கே கற்றுக்கொடுத்தார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு மற்றவர்கள் மாமிசத்தை விட்டார்கள். இவர் ஊசியை விட்டார். முதல் வாரம் வேர்த்து, வாந்தியெடுத்து, காலை உதைத்துக்கொண்டே கிடந்தார். கோயிலில் எல்லாரும் மெச்சினார்கள். நாத்தனார் மட்டும், "ஊசியில்லாம இருக்க முடியுதே! இத்தினி நாளு வலியாடா, வேசமாடா?" என்று சிரித்தார். வலி எங்கும் போகவில்லை. அவர் பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும், "இனிமே தாங்காது, போட்டுடு" என்றார். எனக்குக் கை வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

"நாப்பது நாளா போடல சார். அதே அளவா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பழைய அளவே போடும்மா. இதுக்கா ஓடியாந்த?"

போட்டேன். முகம் தெளிந்து தூங்கினார். அரைமணியில் மூச்சு விட்டுவிட்டு வந்தது; உதடு நீலமாயிற்று. கன்னத்தில் அறைந்தேன். அதுவரை வாயால் சொல்லாத அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போய் டாக்டரை அழைத்துவந்தார்.

மார்பியாவை முறிக்கும் மாற்று ஊசி போட்டு, சாயங்காலம் அவர் கண் திறந்தபின் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "இத்தனை நாள் விட்டா பழக்கம் போயிடும், பழைய அளவு ஆளையே கொன்னுடும். படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாதா?"

எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? "கேக்கத்தானே சார் ஓடியாந்தேன்?"

"நாப்பது நாள்னு நீ சொல்லவேயில்லயே."

சொன்னேன். மூச்சிரைப்பில் அவர் காதில் விழும்படிச் சொன்னேனா என்று பல நாள் என்னையே குடைந்துகொண்டேன். அந்த நிமிடம் கோபம்தான் இருந்தது. உயிர் போயிருந்தால் ஊசியைப் பிடித்த கை என்னுடையது. வலியோ நாளைக்கும் வரும்.

"எழுதிக் குடுங்க சார். எத்தனை நாள் விட்டா எவ்வளவு போடணும்னு."

"எல்லாத்தயும் எழுதணுமா?"

"எழுதணும்."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். பேனாவை எடுத்தார். முதல் வரி: நாளைக்குக் கால் குப்பி.