ஏழாம் எண் டிஸ்க்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. கேட் கேமராக்களின் பதிவுகளும் எடைமேடைச் சீட்டுகளின் நகல்களும் ஒன்பது சர்வர்களில் பரவிக் கிடக்கும். ஒவ்வொரு சர்வரிலும் பன்னிரண்டு டிஸ்குகள். எந்தப் பதிவானாலும் இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு சர்வர்களில் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு, டிஸ்குகளை நிர்வகித்துவந்த பழைய மென்பொருளுக்கு இனி ஆதரவு கிடையாது என்று அதைத் தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். எப்படி மாறுவது என்று நான்கு பக்கத்தில் நானே விதிமுறை எழுதினேன். முதலில் ஒரு பழைய டிஸ்கில் உள்ளதையெல்லாம் மற்றவற்றுக்கு நகர்த்திக் காலி செய்ய வேண்டும். பிறகு அதை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். புதியது புதிய மென்பொருளின் கீழ் நிரம்பி முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்தான். அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தேன்.

டிஸ்குகளைக் கையால் உருவிச் செருகியவர் ராயபுரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர், ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தவர். இந்த மாற்றம் நல்லபடியாக முடிந்தால் அவருக்கு நிரந்தர உத்தரவு வாங்கித் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அதை நம்பி ராயபுரத்துக்காரரின் மனைவி கோயிலில் ஒரு பூசைக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே எடுத்த டிஸ்கிலிருந்து யாரும் எதையும் படித்துவிடக் கூடாது என்பதற்காக, எடுத்த கையோடு அதை கேட்டுக்குக் கொண்டுபோய், செக்யூரிட்டி பார்க்க டிரில் மெஷினால் மூன்று துளை போட்டுவிடுவோம். அதன் பிறகு அது வெறும் இரும்பு.

முதல் நாளே நான் என் விதியை மீறினேன். ஒவ்வொன்றாகச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும் என்று தோன்றியது. மூன்றாம் சர்வர், ஐந்தாம் சர்வர் இரண்டையும் சேர்த்து ஆரம்பித்தேன். இரண்டிலும் மிகப் பழைய டிஸ்க் 7 என்று புதிய மென்பொருளின் பட்டியல் காட்டியது. அவற்றைக் காலி செய்யக் கட்டளை கொடுத்தேன். முடிந்ததும் ஒரு சீட்டில் ‘சர்வர் 3 – 7, சர்வர் 5 – 7’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஏழாம் எண் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு டிஸ்குகளையும் உருவினார், துளை போட்டார், வழக்கம்போலச் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பத்து நிமிடத்தில் திரை சிவந்தது. பதிவுகளில் ஒரு பகுதிக்கு எங்குமே பிரதி இல்லை என்றது. பட்டியலை மேலேயிருந்து பார்த்தேன். முதல் வரிசையில் பூஜ்யம் என்று இருந்தது. புதிய மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. ஸ்டிக்கர்களை நான் ஒன்றிலிருந்து எண்ணி ஒட்டியிருந்தேன். கடல் காற்றில் உரியக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் டேப் வேறு. நான் காலி செய்தவை எட்டாம் எண் ஸ்டிக்கர் ஒட்டியவை. துளை விழுந்தவை இரண்டும் நிறைந்திருந்த டிஸ்குகள். ஒரு பிரதி ஒன்றிலும் மறு பிரதி மற்றதிலும் இருந்த பதிவுகள் எல்லாம் போய்விட்டன.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சீட்டுல இன்னா சார் எழுதியிருந்துச்சு? ஏழுதானே?”

சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

“காலி பண்ணது எட்டாவது” என்றேன்.

சொன்னது உண்மை. அவர் கேட்டதற்குப் பதில் அல்ல. அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “எனுக்கு ஏழு மாதிரி தெரிஞ்சுது சார்” என்றார். நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலையில் மேலாளருக்கு அறிக்கை எழுதினேன். எட்டாம் எண் டிஸ்குகள் காலி செய்யப்பட்டன, ஏழாம் எண் டிஸ்குகள் உருவப்பட்டன, உருவியவர் இன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எண்ணை யார் கொடுத்தார் என்று படிவத்தில் கட்டம் இல்லை. உருவியவர் என்ற இடத்தில் அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் வெயிலைப் பற்றியும் எண்ணூர் பக்கமிருந்து வந்த புகை நாற்றத்தைப் பற்றியும்தான் எழுதினேன். சீட்டைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, ஒட்டவும் மனம் வரவில்லை. பக்கங்களுக்கு நடுவே செருகிவைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்க காசிமேட்டுக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். ஒரு ஐஸ் கடையில் பாளங்களை அரவை மெஷினில் தள்ளிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். முன்பு அவர் கண்ணாடி போட்டதில்லை.

என்னைக் கண்டதும் சிரித்தார். டீ சொன்னார். கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, பெரம்பூரில் போய்க் கண்ணைச் சோதித்ததாகவும் லேசான பவர்தான் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். “லேசான பவருக்கே எட்டு ஏழாத் தெரியுது பாரு சார்.” இடையில் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் கேபிள் இணைக்கும் வேலை கிடைத்ததாம். மறுபடியும் ஒன்றை இன்னொன்றாகப் பார்த்துத் தொலைத்தால் ஆள் செத்துப்போவான் என்று அதற்குப் போகவில்லையாம். ஐஸ் என்றால் எண் கிடையாது, பார்க்க வேண்டியதில்லை என்றார்.

வேலை போனது மட்டும்தான் என் பாவம் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் ஐந்து மாதமாகத் தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறார்.

டீயை வைத்துவிட்டுச் சொன்னேன். பூஜ்யத்திலிருந்து சொல்ல ஆரம்பித்து, சீட்டில் ஏழு என்றுதான் எழுதியிருந்தது என்று முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அரவை மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து, “இன்னா மாமு, மெஷினு காத்தையா அரைக்குது?” என்று கத்தினார். இவர் திரும்பவில்லை.

“அன்னிக்கே தெரியுமா உனுக்கு?”

“நீங்க சாப்பிட்டு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.”

“வேல போனா போவுது சார். வேற வேல கீது. என் பொண்டாட்டி இப்ப பஸ் நம்பர் கூட என்னிய பாக்க வுட மாட்டா. நான் பாத்து சொன்னாலும் இன்னொருத்தரக் கேட்டுக்கினு ஏறுறா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“எழுதிக் குடு” என்றார். “நீ எழுதுனா ஒரு எழுத்துகூடத் தப்பாயிருக்காது. அப்ப எழுதுனல்ல, அதே மாதிரி எழுது.”

திங்கட்கிழமை எழுதினேன். முதல் அறிக்கையில் விட்டுப்போனது என்ன, அதைத் தெரிந்தே விட்டது யார் என்று எழுதி, சீட்டை இணைத்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். டிஸ்க் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார். அது நியாயம்தான். ராயபுரத்துக்காரரின் இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவரை நிரந்தரமாக எடுத்தாகிவிட்டது, இனி இடம் வந்தால் பார்க்கலாம் என்றார். ‘இடம் வந்தால்’ என்பதை எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்பதை வாசலிலேயே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காகிதத்தைத் தான் வாங்காமல், மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. படித்து முடித்ததும் கணவரிடம் அதை நீட்டி, “நீயே படி, கேக்கறேன்” என்றார்.

அவர் கண்ணாடி போடாமல் படிக்க ஆரம்பித்தார். நான் படியிறங்கினேன்.