பங்காளி குட்டையில் விட்ட விரால்

எங்கள் இருவர் தோட்டத்துக்கும் பொதுவான தடத்தில் என் சித்தப்பா மகன் கம்பி வேலி போட்டுவிட்டான். என் டிராக்டர் உள்ளே போக வழியில்லை. பேச்சும் நின்றுபோனது. அவன் பண்ணைக்குட்டையில் ரோகு மீன் வளர்க்கிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு விராலை விட்டால் போதும், குஞ்சுகளை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும்.

ஏரியில் தூண்டில் போட்டேன். முழங்கை நீளத்தில் ஒன்று சிக்கியது. செத்த மீன் எப்படிப் பழிவாங்கும்! அதனால் கையை நனைத்துக்கொண்டு, செவுளில் விரல் படாமல் தூண்டில் முள்ளை மெதுவாகக் கழற்றினேன். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

குட்டையில் இறங்கி, வழுக்கிய மீனை வயிற்றோடு இரு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வாலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நிமிர்ந்தால் கரையில் அவன்.

"ஏனுங்ணா, விராலா உட்டீங்க?"

"ஆமாடா!" என்றேன், அடிதடிக்குத் தயாராக.

அவன் கண் கலங்கிவிட்டது. "ஜிலேபி மீன் பெருகி, ரோகுக்குப் போடற தீனியெல்லாம் தின்னுருதுங்ணா. ரோகு பெருசாயிருச்சு, இனி விரால் அதைத் தொடாது. ஜிலேபிக் குஞ்சைத் தின்னு தீக்க ஒரு விராலுக்குத்தான் நாயா அலைஞ்சேன். பேச்சில்லாமயும் கொண்டாந்து உட்டீங்களே!"

மறுநாளே வேலியைப் பிடுங்கிவிட்டான். இப்போது அந்தத் தடத்தில்தான் போய்வருகிறேன். பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான். வேலி போட்டதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தக் கும்பிடைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.