கீச்சிட்ட வண்டியும் காதண்ணனும்

பேருந்து டிப்போவில் அவருடைய உண்மையான பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காதண்ணன் என்றால் வாசல் காவலாளிகூட வழிகாட்டுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ஷெட்டுக்குள் நுழைந்த ஒரு பேருந்தின் சத்தத்தை வெளியே டீ குடித்தபடி கேட்டுவிட்டு, "பின்சக்கர பேரிங் போகப்போகுது" என்றார். டிரைவராக வந்தவனுக்கு மெக்கானிக் வேலை எதற்கு என்று சிரித்தார்கள். மறுவாரம் அந்தப் பேருந்து நடுரோட்டில் படுத்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், அவர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அவருக்கும் விட மனசில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிக்கும் முன்பே மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு புஷ் தேஞ்சிருக்கே" என்பார்.

காலமெல்லாம் கிளட்ச் மிதித்த அவருடைய இடது முழங்கால், இனி நம்மால் ஆகாது என்று கைவிரித்துவிட்டது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். ஒரு பல் டாக்டர் ஓட்டிவிட்டு விற்ற பழைய வண்டி. பாசிப் பச்சை நிறம். "குளத்துல கிடந்ததை எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்று அவர் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தம்மா தையல் கடை வைத்திருப்பவர். நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது என்பது காதண்ணனுக்குத் தெரியும், அவருடைய இடது காலுக்குத்தான் தெரியவில்லை. சிக்னலைப் பார்த்ததும் அது தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய்ப் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். மனைவியின் கைப்பை முன்கண்ணாடியில் மோதி, உள்ளே இருந்த நூல்கண்டுகளெல்லாம் உருண்டோடும். செருப்பில்லாமல் இருந்தால் கால் சும்மா கிடக்கும் என்று ஒரு யோசனை தோன்றியது. இடது செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். யோசனை பலித்தது. ஆனால் தையல் கடை வாசலில் ஒற்றைச் செருப்போடு இறங்கி நின்ற கணவரைப் பார்த்து, அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் ஒருவழியாகப் பழகிய சமயத்தில்தான் மழைக்காலம் வந்தது. ஒரு காலை, வண்டியைக் கிளப்பி, வாசலிலிருந்து பின்னால் எடுக்க ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். பக்கத்தில் இருந்த மனைவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க, வண்டி இப்படிக் கத்துது?"

"எந்த வண்டி?"

"நாம உக்காந்திருக்கிற வண்டிதான்!"

காதண்ணன் தலையைச் சாய்த்துக் கவனித்தார். எஞ்சின் குறையில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்லியே. வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார்.

வண்டியின் நிறம் பிடிக்காததால் அதை விற்க வைக்க மனைவி போடும் திட்டம் இது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்தார். ஆனால் மறுநாள் எதிர்வீட்டு நர்ஸம்மா வாசலுக்கு வந்துவிட்டார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, காலையில் வந்து படுப்பவர்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் கண்ணை மூடுற நேரம் பாத்து உங்க வண்டி கீச்சுனு கத்துது. பல்லெல்லாம் கூசுது."

இவரையும் மனைவி சேர்த்துக்கொண்டாளா என்று ஒரு நொடி நினைத்தார். பிறகு, நர்ஸம்மா பொய் சொல்பவர் இல்லையே என்று யோசித்து, வேறொரு முடிவுக்கு வந்தார். "அது வண்டி இல்லம்மா, பறவை. உங்க கூரைல எங்கயோ கூடு கட்டியிருக்கு" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்தி, ஏறியும் பார்த்தார். கூரையில் ஒரு பழைய பந்தும், யாரோ தொலைத்த துணிக் கவ்விகளும் கிடந்தன. அவற்றை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு, "பறந்து போயிருக்கும்" என்று இறங்கிவிட்டார்.

மனைவியின் தம்பி வந்தான். அவன் பார்ப்பது காப்பீட்டு ஆபீஸ் வேலை. ஆனால் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"மாமா, சொல்லவே கஷ்டமா இருக்கு. கியர்பாக்ஸ் போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டோமேட்டிக்ல வேற என்ன போகும்?"

காதண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகக் கேட்டார். வால்வு அடிப்பது கேட்டது. தண்ணீர் பம்ப் சுற்றுவது கேட்டது. எல்லாம் ஒழுங்கு. "மாப்ளே, டிப்போவுல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா?" என்றார். அவனுக்கு அது தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறான். அதனால் கிளம்பிப் போய்விட்டான்.

கடைசியில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். "மெக்கானிக்கிட்ட காட்டினாதான் நான் இதுல ஏறுவேன். இல்லேன்னா கடைக்கு நடந்தே போயிக்கிறேன்."

மெக்கானிக் ஒரு காலத்தில் டிப்போவில் பயிற்சிக்கு இருந்தவர். இப்போது சொந்தப் பட்டறை, தாடியில் நரை. காதண்ணன் அந்த நாளில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேள்வி கேட்டே அவரை அரளவைத்திருக்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வண்டி பட்டறைக்குள் திரும்பும்போதே வீறிட்டது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருவைக் கடந்து போய்ப் படுத்துக்கொண்டது.

"வாங்கண்ணே. சத்தம் எப்போலேருந்து?"

"என்ன சத்தம்?" என்றார் காதண்ணன்.

மெக்கானிக் சிரித்தார். பழையபடி பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். தேர்வுக்கு வந்த பையனைப் போலக் கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்ய ஆரம்பித்தார்.

"பார்க்கிங்ல போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன்ணே. வண்டி நகரலை, ஆனா சத்தம் வருது. அப்போ சக்கரமோ பிரேக்கோ இல்லை. கியர்பாக்ஸும் இல்லை, சரிங்களாண்ணே? இப்போ ஏசி போடுறேன். கூடுதா? ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன். இன்னும் கூடுதா? பாரம் ஏற ஏறக் கத்துது. அப்போ முன்னாடி ஓடுற பெல்ட்டுதான்."

ஒவ்வொரு தடவையும் அவர் காதண்ணன் முகத்தைப் பார்த்தார். காதண்ணன் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். ஆனால் அவர் கண் வேறெங்கோ இருந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தபோது மனைவி தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் ஒன்றாகத் திரும்பியதைப் பார்த்தார். இத்தனை பேர் சேர்ந்து ஒரு பச்சை வண்டிக்கு எதிராகத் திட்டம் போட முடியாது.

"கடைசி சோதனைண்ணே" என்று மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் லேசாகத் தெளித்தார்.

பெல்ட் ஓடும் தடம் கோணலாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சத்தம் சற்று அடங்கும். தளர்ந்துபோய் வழுக்குகிறது என்றால் இன்னும் கூடும். இது காதண்ணனுக்கும் தெரிந்த வித்தைதான். இரண்டில் ஒன்று. ஒரு கணம் யோசித்து, கம்பீரமாகத் தலையை ஆட்டி, "பாத்தியா, தண்ணி பட்டதும் கப்சிப்னு அடங்கிடுச்சு" என்றார்.

அந்த நேரத்தில் வண்டி, பட்டறையின் தகரக் கூரை அதிர அலறிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தியிருந்தார்.

மெக்கானிக் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். "பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்திருக்குண்ணே. பெல்ட்டும் வழவழன்னு ஆயிடுச்சு. ரெண்டையும் மாத்திடலாம். நாளைக்கு வாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இருவரும் நடந்தே திரும்பினார்கள். மழை விட்டிருந்தது.

"ரொம்பச் சத்தமா கத்துச்சா?" என்று கேட்டார் காதண்ணன்.

"ரொம்ப."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

"இப்போதான் புரியுது" என்றார் மனைவி. "வாஷிங் மெஷின் முடிஞ்சதும் பீப் பீப்னு கூப்பிடும். நீங்க பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பீங்க. துணியை எடுத்து உதறிப் போட உங்களுக்கு உடம்பு வணங்கலைன்னு எத்தனை நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கேன்."

"அது சத்தம் போடுமா?"

"போடும். போன வருஷமே கேக்கணும்னு நெனச்சேன். நான் கூப்பிடும்போதும் கேக்காத மாதிரி நடிக்கிறீங்களோன்னு."

காதண்ணன் சற்று யோசித்தார். "அது கேக்கும். அது நடிப்புதான்."

மனைவி நின்று முறைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதண்ணனுக்கும் வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுபோனது. "டிப்போவுல தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார் மெதுவாக. மனைவி அவர் கையைப் பிடித்துச் சேற்றுப் பள்ளத்தைத் தாண்ட வைத்தார்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்குக் காதண்ணனைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவர், கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் எப்போது கையை அசைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து அழுத்தினார். அவளும் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவள். எழுந்து வந்து நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிவிட்டுப் போனாள். அதன் பிறகு பொத்தானுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

"கனமான சத்தமெல்லாம் நல்லாவே கேக்குதுங்க சார்" என்றாள் அந்தப் பெண். " கீச்சுக் குரல், பீப், பெல்ட் சத்தம் இதெல்லாம்தான் போயிடுச்சு. என்ன வேலை பாத்தீங்க?"

"பஸ் ஓட்டினேன்."

"எஞ்சின் எங்க இருக்கும்?"

"என் பக்கத்துலதான். என்னோட பேசிக்கிட்டே வரும்" என்றார் காதண்ணன். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

காதுக்குப் பின்னால் மாட்டும் சின்ன மிஷின் வந்தது. முதல் நாள் செய்தித்தாளைப் புரட்டினார், அது அப்பளம் நொறுங்குவது போலக் கேட்டது. கீழே வைத்துவிட்டார். வண்டியை எடுத்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. அதை வழி முழுக்க அணைக்காமல் ஓட்டி, பின்னால் வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு குறை மட்டும் இருந்தது. டென்ஷனரும் பெல்ட்டும் மாற்றிய வண்டி இப்போது மூச்சுக்கூட விடுவதில்லை. ஊரே கேட்ட சத்தத்தை அவர் மட்டும் கேட்கவில்லை.

அதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒருநாள் போன் வந்தது.

"அண்ணே, அதே வியாதில ஒரு வண்டி வந்திருக்கு. கழட்டாம வச்சிருக்கேன். ஓடி வாங்க."

சட்டைப் பொத்தானைப் பாதை முழுக்கப் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பி ஸ்டீயரிங்கை ஒடித்தார். காதண்ணன் துள்ளி இரண்டடி பின்னால் போனார். முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் போலச் சுருங்கியது.

"அட கடவுளே! இதையா நான் பறவைன்னு சொன்னேன்?"

"நிறுத்திடவாண்ணே?"

"இரு இரு, இன்னொரு தடவை" என்றவர் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, விரலை நீட்டினார். "இதுக்கு டென்ஷனர் நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டு மட்டும்தான்." கழற்றிப் பார்த்தபோது அதுவே சரியாக இருந்தது. மெக்கானிக் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, காதண்ணன் அவசரமாகப் பானெட்டுக்குள் எதையோ தேடினார்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய், "பல்லு கூசத்தான்மா செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். நர்ஸம்மா அவரை உட்கார வைத்து டீ கொடுத்தார். மைத்துனனுக்கும் விஷயம் போனது. "பெல்ட்டுன்னுதான் நானும் முதல்லயே நெனச்சேன் மாமா" என்றான் அவன்.

டிப்போ நண்பர்களிடம் மறைக்கலாம் என்றுதான் காதண்ணன் முதலில் நினைத்திருந்தார். ஆனால் பூங்கா பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்தபோது, மிஷின் மாட்டிய காதுக்கு ஒன்று உறைத்தது. யாரும் பேசவில்லை, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் அதற்கு மருமகள் ஊருக்குப் போயிருப்பதாகப் பதில் சொன்னார். காதண்ணன் காதிலிருந்த மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கேலி செய்தார்கள். செய்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு மூன்று பேரையும் பச்சை வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம், தங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று மூன்று பேரும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வரிசையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். காதண்ணன் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி, "உன்னைத்தான்யா, எழுந்திரு" என்றார்.